கார்டில் இடம் கிடைக்காதவர்கள்

ஏழுகல்பட்டிக் கல்யாண மண்டபத்தில் அந்த வைகாசி வெள்ளிக்கிழமை முகூர்த்தம் முடிந்து, பந்தி முடிந்து, பொண்ணும் மாப்பிள்ளையும் கார் ஏறி, மேளக்காரர்கள் தவிலை உறையில் போட்டுக் கட்டி, எச்சில் இலைக்கு வந்த மாடுகளும் வயிறு நிறைந்து போன பிறகும், மணமேடையில் ஆறு பேர் போட்டோவுக்கு நின்றுகொண்டே இருந்தார்கள். பெருக்க வந்த ராக்கம்மா, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கய்யா" என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். அவர்கள் சிரித்த முகம் மாறாமல் அப்படியே நின்றார்கள். கல்யாண வீட்டுக்காரர்களின் திமிர் அவளுக்குப் புதிதில்லை என்பதால், அவர்கள் காலைச் சுற்றிப் பெருக்கிவிட்டு, ஃபேனை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் மண்டபத்து மேனேஜர் பக்கவாட்டில் நின்று பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. பக்கவாட்டில் அவர்கள் இல்லை. ஒரு நூலிழைக் கோடு மட்டும் இருந்தது. பின்னால் போனால் வெறும் வெள்ளை. முன்னால் வந்தால் ஆறு பேரும் ஆள் உயரத்துக்கு, நெற்றிச் சந்தனம் காயாமல், பளிச்சென்று நின்றார்கள். ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். அப்பளக்கட்டுக் கனம்கூட இல்லை. வளைத்தால் வளையவில்லை, கிழித்தால் கிழியவில்லை. அந்த ஆறு பேருமோ தெற்குத் தெருவில் தங்கள் வீட்டில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார்கள். செய்தி கேட்டு வந்து தங்களைத் தாங்களே பார்த்தார்கள். அந்த வீட்டம்மா தன் படத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஜாக்கெட்டுக் கை சுருண்டு கெடக்கு. நேத்து முழுக்க இப்படியேதான் திரிஞ்சேனா? ஒருத்தியாச்சும் சொன்னாளா பாத்தியா" என்றாள். அதிசயத்தைப் பற்றி ஏழுகல்பட்டி அன்றைக்குப் பேசியது அவ்வளவுதான்.

அடுத்தடுத்த முகூர்த்தங்களில் படங்கள் பெருகின. காதுகுத்து வீட்டில் இரண்டு, கிரகப்பிரவேசத்தில் நாலு, வளைகாப்பில் மூன்று என்று வைகாசி முடிவதற்குள் ஊரில் நாற்பத்தியொரு படங்கள் அங்கங்கே நின்றன, ஊரும் அவற்றுக்கு இடம் கொடுத்துப் பழகிக்கொண்டது. மண்டபத்து மேனேஜர் தன் பங்குப் படங்களை வாசலில் வரிசையாக நிறுத்தி, கூட்டம் வராத கல்யாணங்களுக்குக் கூட்டம் காட்டினார். மேலத்தெருவில் ஒருத்தி குளியலறைக் கதவு உடைந்த இடத்தில் தன் கொழுந்தனாரின் படத்தைச் சாத்தி வைத்தாள், முகம் வெளிப்பக்கம் இருக்கும்படி. இன்னொருத்தி, தன் புருஷனின் படத்தை அடுப்படிக்குத் தூக்கிவந்து வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் திட்டினாள். நிஜப் புருஷன் தின்னும் வேளைக்கு வந்தபோது அவனைத் திட்ட அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. அந்தக் குடும்பம் செழித்தது என்று சொல்வார்கள்.

இதில் எரிச்சல் வந்தது கோகிலவாணிக்கு மட்டும்தான். பெயிண்ட் கடை சீனிராஜின் ஒரே மகள் அவள், மதுரையில் எம்.எஸ்சி. கணிதம் முதல் வருஷம் முடித்து லீவுக்கு வந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால்கூட ஒரு தடவை மறுத்துப் பேசிவிட்டுத்தான் தட்டின் முன்னால் உட்காருவாள் என்று பெயரெடுத்தவள். ஊர் முழுக்க நடந்து எல்லாப் படத்தையும் பார்த்தாள். ஏன் நிற்கிறார்கள் என்று மற்றவர்கள் யோசித்து முடித்திருந்தார்கள். ஏன் இவர்கள் மட்டும் நிற்கிறார்கள் என்று அவள் யோசித்தாள். வேறு சாதியில் கட்டிக்கொண்டு போய் இருபது வருஷம் கழித்துத் திரும்பி வந்த, ஒரு மணப்பெண்ணின் சித்தி நின்றாள். இரண்டாவது சம்சாரத்தின் மகன் நின்றான். புருஷன் இல்லாமல் தனியாக வந்த டீச்சர் நின்றாள். பொண்ணுக்கு அலங்காரம் செய்தவள் நின்றாள், சமையல் மாஸ்டர் நின்றார், அழைப்பு வராமலே வந்த தூரத்துச் சொந்தங்கள் குடும்பம் குடும்பமாக நின்றார்கள். பெரிய மனிதர் ஒருவர்கூட நிற்கவில்லை.

நேரே மின்னல் ஸ்டூடியோவுக்குப் போனாள். ஊரின் எல்லா விசேஷத்துக்கும் ஒரே போட்டோக்காரர் தவசிலிங்கம். அவர் லென்ஸைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வா மருமகளே. பாஸ்போர்ட் சைஸா?"

"நிக்கிறவங்க எல்லாருக்கும் நீங்கதான் போட்டோ எடுத்தீங்களா மாமா?"

"எடுத்தாத்தான் கேமரா கார்டுக்குள்ள போயிருப்பாகளே. எடுக்கல. அதுனாலதான் நிக்கிறாக." துண்டை உதறித் தோளில் போட்டார். "டம்மி ஃபிளாஷ். தொழில்ல உள்ள எல்லாரும் செய்யறதுதான். கார்டு நெரம்பப் போகுதுன்னு வையி, இன்னும் பத்துப் படத்துக்குத்தான் எடம்னு வையி, மேடையில வந்து பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறவன்கிட்ட எடம் இல்லப்பான்னு சொல்ல முடியுமா? மங்கள காரியம். ஃபிளாஷுக்குப் பின்னாடி ஒரு பட்டன் இருக்கு பாரு, அத அமுக்குனா வெளிச்சம் மட்டும் அடிக்கும். நாக்கால ஒரு 'டக்'." செய்து காட்டினார், நிஜக் கேமராவைவிட நன்றாக இருந்தது. "அவுகளும் சந்தோசமா எறங்கிப் போயிருவாக. இருவது வருசமா யாரும் நிக்கல. இந்த வருசம் நிக்கிறாக. அதுக்கு நான் என்ன செய்ய?"

"கார்டைக் காலி பண்ண வேண்டியதுதான?"

தவசிலிங்கம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். ஏழுகல்பட்டியில் யாரும் ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுத்துக் கொடுத்து முடித்ததில்லை. கல்யாணம் முடிந்து தம்பதிக்கு மூன்று பிள்ளை பிறந்திருக்கும், செலக்ஷன் முடிந்திருக்காது. மாமா எட்டுப் படத்தில் இருக்கிறார், சித்தப்பா ஏழில்தான் இருக்கிறார் என்று சண்டை நடந்துகொண்டிருக்கும், சண்டை முடியும்வரை ஒரு படத்தைக்கூட அழிக்கக்கூடாது என்று இரண்டு பக்கமும் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். ஸ்டூடியோக் கம்ப்யூட்டரும் என்றோ உயிரை விட்டிருந்தது. ஆகவே பதினோரு வருஷத்து ஏழுகல்பட்டி மொத்தமும் கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரே கார்டுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது.

"சரி, யாருக்கு நிஜம், யாருக்கு டம்மின்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?"

இந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. "அதுதான் மருமகளே அனுபவம்கிறது. ஆளு மேடையில ஏறயில பொண்ணோட அப்பா எந்திரிக்கிறாரா, இல்ல உக்காந்தபடியே தலைய ஆட்டுறாரா? மாப்பிள்ளையோட அம்மா சேலைய இழுத்துவிட்டுக்கிறாளா, இல்லையா? ஒரு நிமிசம் பாத்தாப் போதும், வெரல் தானா போயிரும்."

"ஊரு யாரை மதிக்குது, யாரை மதிக்கலைன்னு ஒரு பட்டனை வச்சு அளந்திருக்கீங்க."

"ஊரு அளந்தத நான் அமுக்குறேன்," என்றார் தவசிலிங்கம். "என்கிட்ட சண்டைக்கு வராத. நான் வெளிச்சமாவது குடுத்தேன்."

அன்றைக்கு அவள் திரும்பி வந்து அப்பாவிடம், அம்மாவிடம், கடையில் பிரஷ் வாங்க வந்தவர்களிடம் எல்லாம் இதைச் சொல்லிச் சண்டை போட்டாள். விளைவு அவள் எதிர்பார்த்தது இல்லை. ஊர் வெட்கப்படவில்லை, கணக்கெடுக்க ஆரம்பித்தது. யார் நிற்கவில்லையோ அவர்கள் தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்கள். கவுன்சிலருக்கு மட்டும் பயம் வந்து, தன் படம் எங்காவது சந்துபொந்தில் நிற்கிறதா என்று ஆள் விட்டுத் தேடச் சொன்னார். இல்லை என்று தெரிந்ததும் அதைப் பெரிய எழுத்தில் பேனர் அடித்து வைத்தார்.

இந்த நேரத்தில்தான் கோகிலவாணியைப் பெண் பார்க்க சாத்தூரிலிருந்து வந்தார்கள்.

சும்மா வந்து நின்றுவிட்டுப் போனால் போதும், ஒன்றும் முடிவாகப் போவதில்லை என்று அப்பா அவளிடம் சொல்லியிருந்தார். சாத்தூர்க்காரர்கள் பதினாலு பேர் வந்தார்கள். அவர்கள் கௌரவத்துக்காகத் தவசிலிங்கத்தையும் வரவழைத்திருந்தார் சீனிராஜ். கார்டில் நாலே நாலு படத்துக்குத்தான் இடம் இருந்தது. நாலையும் அவர் மாப்பிள்ளை வீட்டுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார். கோகிலவாணி காபித் தட்டோடு வந்தாள். அந்தச் சமயத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா முறுக்கைக் காபியில் முக்கினார், முறுக்கு முறிந்து உள்ளே விழுந்தது, அவர் யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் இரண்டு விரலை டம்ளருக்குள் விட்டு மீன் பிடிப்பதுபோல் துழாவினார். கோகிலவாணிக்குச் சிரிப்பு பொங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தி, தலையைக் குனிந்தாள். வெளிச்சம் அடித்தது. "டக்" என்று ஒரு நாக்குச் சத்தம் கேட்டது.

பெண் பார்க்கும் நிகழ்ச்சியில் பெண்ணுக்கு டம்மி.

இரண்டு நிமிஷம் கழித்து மாப்பிள்ளையின் அப்பா, "எங்க வீட்டுல பொம்பளப் புள்ளைகள படிக்க, வேலைக்குன்னு அனுப்புற பழக்கம் இல்ல, இத்தோட நிறுத்திக்கிரலாம்ல" என்று கேட்டார். கோகிலவாணி அதற்குப் பன்னிரண்டு நிமிஷம் பதில் சொன்னாள். சாத்தூர்க்காரர்கள் கேசரியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அவளும் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். ஹாலில், ஃபிரிட்ஜுக்கும் டிவிக்கும் நடுவில், பட்டுச் சேலையில் காபித் தட்டோடு தலைகுனிந்து அவள் படம் நின்றது.

"எம்புட்டு அடக்கம்!" என்றாள் பேச்சியம்மா அத்தை, சீனிராஜின் அக்கா, அந்த வீட்டில் எல்லாவற்றையும் முடிவு செய்பவள். "இவ மூஞ்சியில இப்படி ஒரு வெக்கம் இருந்துச்சுன்னு இத்தன நாளா தெரியாமப் போச்சே."

"அது வெக்கம் இல்ல அத்தை, சிரிப்பு. அந்தாளு காபிக்குள்ள கையை விட்டுக்கிட்டு இருந்தாரு."

"எங்க சிரிக்கிது? பல்லு தெரியுதா?"

தெரியவில்லை. சிரிப்பு வெளியே வருவதற்கு முந்திய நொடியில் படம் நின்றுவிட்டிருந்தது. அக்கம்பக்கத்துக்காரர்கள் வந்து வந்து பார்த்தார்கள், தங்கள் மகள்களையும் கூட்டிவந்து காட்டினார்கள். அத்தை தினமும் காலையில் மல்லிகைச் சரம் வாங்கிவந்து படத்தின் மேல் தொங்கவிட்டாள். கோகிலவாணியின் அம்மா தனபாக்கியம், அதிகம் பேசாதவள், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "செத்தவளுக்குப் போட்ட மாதிரி இருக்கு மதினி" என்று மட்டும் சொன்னாள். அத்தை சரத்தைப் பாதியாக அறுத்துத் தொங்கவிட்டாள்.

அப்பாதான் அவளை அதிகம் எரிச்சல்படுத்தினார். கடைக்குக் கிளம்புமுன் சீனிராஜ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்து பேசினார். மூட்டுவலியைப் பற்றிப் பேசினார். புதிதாக வந்த பச்சைப் பெயிண்டை யாரும் வாங்காததைப் பற்றிப் பேசினார். "ஒன்னைய மதுரைக்கு அனுப்பவேண்டாம்னு ஊரே சொல்லுச்சும்மா. நாந்தான் அனுப்புனேன். அது ஒனக்கே தெரியாது" என்றார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட கோகிலவாணி முதலில் வெளியே வரத் தாழ்ப்பாளில் கையை வைத்தாள். பிறகு ஆத்திரம் வந்தது. இருபத்திரண்டு வருஷமாக இதே வீட்டில் நிஜமாகவே இருக்கிற ஒருத்தியிடம் இந்த மனிதர் "சாப்டியா", "கதவைச் சாத்து" தவிர என்ன பேசினார்?

ஒரு வாரத்தில் சாத்தூரம்மா, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, தனியாகத் திரும்பி வந்தாள். ஹாலுக்குள் நுழைந்து படத்தின் முன்னால் நின்று, பின்னால் போய் வெள்ளையைப் பார்த்து, ஒரு கையால் தூக்கிக் கனம் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாங்க பாத்தது இந்தப் பொண்ணத்தான் அண்ணாச்சி. எங்களுக்கு இது போதும். அடுத்த ஞாயித்துக்கிழமை நிச்சயம், அன்னைக்கே தாலியும் கட்டிக் கூட்டிட்டுப் போயிர்றோம்."

சீனிராஜ் வாக்குக் கொடுத்துவிட்டார்.

அந்த வீட்டில் நடந்த சண்டையை ஏழுகல்பட்டி தெருவில் பாய் விரித்து உட்கார்ந்து கேட்டது. "ரெண்டு பேருக்கும் நல்லதுதானம்மா" என்றார் அப்பா. "நீ மதுரைக்குப் போ, படி, என்னமும் செய். ஒன்ன யாரும் தடுக்கல. அது சாத்தூர் போகட்டும். அவுகளும் சந்தோசம், நீயும் சந்தோசம்." ஹாஸ்டல் தோழிகூட போனில், "லக்கிடீ நீ, எனக்கு ஒண்ணு இப்படி நின்னா நான் மொட்டையே போடுவேன்" என்றாள். ஊரிலும் அதே பேச்சு. இதைவிட நியாயமான ஏற்பாடு இருக்க முடியாது, இந்தப் பிள்ளைக்கு எதிலும் குதர்க்கம்தான் என்றார்கள்.

பத்திரிகை அச்சாகி வந்தது. அதில் 'திருவளர்செல்வி சீ. கோகிலவாணி, எம்.எஸ்சி.' என்று இருந்தது.

"எம்.எஸ்சி. யாரு?" என்று அவள் கத்தினாள். "இன்னும் ரெண்டு செமஸ்டர் நான் எழுதணும், பட்டம் அதுக்கா? பதிவு ஆபீசுல யாரு பேரு ஏறும்? நாளைக்கு நான் ஒருத்தனைக் கட்டிக்கணும்னாலும் கட்டிக்க வேணாம்னாலும், ஒனக்கு ஏற்கனவே சாத்தூர்ல கல்யாணம் ஆயிருச்சேம்மான்னு சொல்ல மாட்டானா? அதெல்லாம் போகட்டும். என் மூஞ்சிய வச்சுக்கிட்டு ஒண்ணு எவன் வீட்டு அடுப்படியிலயோ ஆயுசுக்கும் தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கும், அந்த ஊரு அதக் காட்டி காட்டி வேற புள்ளைகள வளக்கும். நான் இங்க நிமிந்து நடந்து என்ன பிரயோசனம்?"

"ஒரு போட்டோவுக்கு இம்புட்டுப் பேச்சா" என்றாள் அத்தை.

வழி தற்செயலாகத் தெரிந்தது. கார்டு மொத்தமாக நிரம்பிவிட்டதால் தவசிலிங்கம் ஒரு படத்துக்காவது இடம் பண்ணலாம் என்று, என்றோ ஸ்டூலில் ஏறும்போது தவறுதலாக எடுத்த தன் சொந்தக் கால் கட்டைவிரலின் படத்தை அழித்தார். அந்த நொடியில் மண்டபத்து வாசலில் முதன்முதலாக நின்ற ஆறு பேர் காணாமல் போய், கார்டுக்குள் வந்து சேர்ந்தார்கள். நிஜ ஆறு பேரும் ஸ்டூடியோவுக்கு வந்து சண்டை போட்டார்கள். எல்லாக் கல்யாணத்திலும் முன்னால் நின்று பழகிவிட்டிருந்தார்கள். ஆக, கார்டில் சும்மா கிடந்த இடத்துக்கு நகராதவர்கள், ஒரு படத்தை அழித்தால் அந்த இடத்துக்குப் போனார்கள்; ஒரு படத்துக்கு ஒரு படம், வந்த வரிசைப்படி. புதுக் கார்டு வாங்கிப் போட்டும் பார்த்தார் தவசிலிங்கம். யாரும் அதற்குள் போகவில்லை. எந்தக் கார்டு தங்களை வேண்டாம் என்றதோ அதற்குள்தான் போவோம் என்று நின்றார்கள்.

கோகிலவாணி விரலை விட்டு எண்ணினாள். அவள் படத்துக்கு முன்னால் நாற்பது படம். அதோடு நாற்பத்தியொன்று. ஞாயிற்றுக்கிழமைக்குள் பழைய படங்கள் நாற்பத்தியொன்று அழிய வேண்டும். "யாரு படமோ அவுக சொன்னா அழிக்கிறேன். நானா கை வைக்க மாட்டேன். தொழில் தர்மம்" என்று சொல்லிவிட்டார் தவசிலிங்கம். டம்மி ஃபிளாஷ் எந்தத் தர்மத்தில் சேர்த்தி என்று கேட்க அவளுக்கு நேரமில்லை.

வீடு வீடாகப் போனாள். கவுன்சிலர், ஒரே பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஒரே நோட்டைக் கொடுக்கிற படம் மட்டும் அறுபத்து மூன்று வைத்திருந்தார். "ஒவ்வொண்ணுலயும் ஒரு முகபாவம் இருக்கும்மா, நீ படிச்ச புள்ள, ஒனக்கே தெரியும்" என்றார். பிறந்தநாள் கேக் படம் பத்தொன்பது வைத்திருந்தவள், கத்தி கேக்கில் இறங்கும் ஆழம் படத்துக்குப் படம் வேறு என்று விளக்கினாள். ஒருவர் கண்ணை மூடியிருந்த படம் ஐந்து இருந்தது. அழிக்கலாமே என்றால், "கண்ண மூடுனாலும் நாந்தான" என்றார். ஒரு வீட்டில் படம் முழுக்க ஒரு மாட்டின் பின்பக்கம்தான் இருந்தது. அந்த மாடு ராசியான மாடாம். படம் நிற்கிற ஆட்களிடமே போய்க் கேட்டாள். சமையல் மாஸ்டர் மட்டும், "எனக்கு கார்டுக்குள்ள ஒண்ணும் இல்ல தாயி, இருந்தா குடுத்திருவேன்" என்றார். சனிக்கிழமை சாயங்காலம்வரை நடந்து அவள் சேர்த்தது ஒரு படம்கூட இல்லை. எல்லோரும் மோர் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் தரையில் உட்கார்ந்தாள். தனபாக்கியம் மறுநாள் விருந்துக்குக் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"ஒம் படத்தக் கேட்டியா?"

"என் படத்தத்தாம்மா உள்ள அனுப்ப அலையுறேன்."

"அது இல்ல. நீ பெரிய மனுசியானப்ப சடங்கு வச்சாகள்ல. இருநூத்திப் பதினாலு படம். ஒங்க அத்தைக்குச் செலக்ஷன் இன்னும் முடியல."

கோகிலவாணி அம்மாவையே பார்த்தாள். பத்து வருஷத்துக்கு முன்னால், பன்னிரண்டு வயதில், பச்சைத் தென்னங்கீற்றுக் குடிசையில் ஒன்பது நாள் உட்கார வைத்து, பத்தாம் நாள் மைக் செட் போட்டு ஊருக்கே அறிவித்து, நகையும் மாலையுமாகச் சிம்மாசனத்தில் ஏற்றி, வாயைத் திறக்காதே என்று சொல்லி எடுத்த படங்கள். இந்த வீட்டில் அவள் சண்டை போட்டுப் பேசாத ஒரே விஷயம் அதுதான்.

"அத்தை விடுவாளா?"

"அவ நூத்திப் பன்னெண்டு படத்துல இருக்கா. ஒங்கப்பா அறுபதுல. நான் ஒண்ணுலயும் இல்ல, பந்திக்குச் சோறு வடிச்சுக்கிட்டு இருந்தேன். எனக்கு ஒரு நட்டமும் இல்ல." ஒரு கத்தரிக்காயைப் புழு இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தாள். "எல்லாத்துலயும் நடுவுல இருக்கிறவ நீதான். நீ சொன்னா அந்தாளு அழிக்கணும்ல?"

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஸ்டூடியோ திறக்கும்போது இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். தவசிலிங்கம் தலையைச் சொறிந்தார், கார்டைக் கேமராவில் போட்டார், ஓட்டிப் பார்த்தார், மறுபடியும் தலையைச் சொறிந்தார். "எல்லாத்துலயும் நீதான் இருக்க. மறுக்க முடியாது" என்று கேமராவை அவள் கையில் கொடுத்தார்.

சின்னத் திரையில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருத்தி, ஒட்டியாணம் இடுப்பில் நிற்காமல் நழுவுவதை ஒரு கையால் ரகசியமாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வாய் இறுக மூடியிருந்தது. இந்தப் படத்தை அழிக்கவா என்று கேமரா கேட்டது. கோகிலவாணி அமுக்கினாள். தெற்குத் தெருவில், வேறு சாதியில் கட்டிக்கொண்ட சித்தி மறைந்து கார்டுக்குள் வந்தாள். அடுத்தது. டீச்சர் வந்தாள். அழிக்கவா, அழி, அழிக்கவா, அழி. அலங்காரக்காரி வந்தாள், இரண்டாம் சம்சாரத்து மகன் வந்தான், சமையல் மாஸ்டர் கரண்டியோடு வந்தார், தூரத்துச் சொந்தங்கள் குடும்பம் குடும்பமாக, கல்யாண வீட்டில் முன்வரிசையில் இடம் கிடைத்ததுபோல் வந்து உட்கார்ந்தார்கள். மேலத்தெருவில் ஒருத்தி குளித்துக்கொண்டிருந்தபோது கொழுந்தனார் மறைந்து, ஊருக்கே அலறல் கேட்டது. அடுப்படியில் வைத்துத் திட்டிக்கொண்டிருந்தவள், வார்த்தை பாதியில் நிற்க, எழுந்து நிஜப் புருஷனைத் தேடிப் போனாள்.

நாற்பத்தியோராவது தடவை அமுக்கியபோது, தலைகுனிந்த பட்டுச் சேலை திரையில் வந்து நின்றது.

"போதும் மருமகளே, வந்திருச்சு" என்றார் தவசிலிங்கம். அவள் நிறுத்தவில்லை. மிச்சம் நூற்று எழுபத்து மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒவ்வொன்றாக அழித்தாள். கடைசியில் பட்டுச் சேலைக்கு வந்தாள்.

"இதுவுமா? தட்டு, வெளிச்சம், எல்லாம் அம்சமா வந்திருக்கே. டம்மியில இப்படி ஒரு படம் என் ஆயுசுல விழுந்ததில்ல."

"இது யாரு படம்னு தெரியல மாமா. யாராச்சும் தேடிட்டு வந்தா, நான் அழிச்சேன்னு சொல்லுங்க" என்று சொல்லி அமுக்கினாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்பதே முக்கால். பேச்சியம்மா அத்தை மல்லிகைச் சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஃபிரிட்ஜுக்கும் டிவிக்கும் நடுவில் இருந்த வெறும் சுவரைப் பார்த்து மூக்கைச் சிந்தினாள். சீனிராஜ் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தனபாக்கியம் யாரையும் பார்க்காமல் அடுப்படிக்குப் போனாள். கோகிலவாணி போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள், கையைக் கட்டிக்கொண்டு.

"பச்சை டப்பா இன்னும் ஒண்ணுகூட போகல" என்றார் அப்பா, அவளைப் பார்க்காமல். காலையில் அந்த நேரத்துக்கு வாய் தானாகப் பேசிவிட்டது.

"அது பச்சையே இல்லப்பா, பாசி. யாரு செவுத்துக்கு அடிப்பா?"

"நல்ல கம்பெனி சரக்கு."

"யாரு செஞ்சா என்ன, பாக்கச் சகிக்கல. முதல்லயே என்கிட்ட கேட்டிருக்கலாம்ல."

சீனிராஜ் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் நேராக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. "மூட்டுவலிக்கு டாக்டர்ட்ட போனீங்களா, இல்ல செவுத்துக்கிட்ட மட்டும்தான் சொன்னீங்களா?" என்று கேட்டது. அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். எழுந்து போகவில்லை.

வாசலில் மூன்று வேன்கள் வந்து நின்றன. சாத்தூர்க்காரர்கள் தாம்பாளத் தட்டுகளோடு இறங்கினார்கள்; படத்தைச் சுற்றிக் கொண்டுபோக ஒரு புது ஜமுக்காளமும் கொண்டுவந்திருந்தார்கள். சாத்தூரம்மா முதலில் உள்ளே வந்தாள். ஃபிரிட்ஜுக்கு இந்தப் பக்கம் பார்த்தாள், டிவிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

"அண்ணாச்சி, பொண்ணு எங்க?"

அத்தை வாயைத் திறந்தாள். சீனிராஜ் கையைக் காட்டி அவளை அடக்கினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் திருப்பிச் சாத்தூரம்மாவின் பக்கம் தள்ளினார்.

"அது போயிருச்சு தாயி. என் பொண்ணு இதுதான். உக்காருங்க, இது பேசும்."

கோகிலவாணி பேசினாள்.